வாசலுக்கு நீங்களே வந்தீர்கள்

பாய்,

இன்று காலை பக்கத்து வீட்டில் நெல் அவித்தார்கள். அவர்களுக்கு ஊரில் நிலம் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் மூட்டைகள் வந்து இறங்கும். கொல்லைப்புறத்தில் அண்டாவை ஏற்றி, அடியில் விறகை எரித்து, நாள் முழுக்க அவிப்பார்கள். அந்த ஆவி சுவரைத் தாண்டி எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டது. பிறந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த வாசனை அது. பிறகு பல வருஷம், மூக்கில் பட்டாலே எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். இப்போது அவ்வளவு இல்லை. முதலில் அந்த ஒரு நாள் நினைவுக்கு வரும். அதற்குப் பின்னால் நீங்கள் வருவீர்கள், தலையில் தொப்பி இல்லாமல், காலில் செருப்பில்லாமல், எங்கள் தெருவில் நடந்து.

நீங்கள் இறந்துபோன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கிவைத்தபடியே சொன்னாள். "உங்களுக்குத் தெரிஞ்ச அந்தப் பெரிய பாய் மௌத்தாயிட்டாரும்மா. நோன்புக்கு முன்னாடியே." நான் கையில் எடுத்த மீனைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பார்த்த இடத்திலெல்லாம் நான் பழைய பேச்சை எடுத்தால் நீங்கள் உடனே, "புள்ள எப்படிப் படிக்கிறான்?" என்று வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். இனி உங்களால் திருப்ப முடியாது. அதனால் எழுதுகிறேன்.

திருவள்ளூருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி இருந்த அரிசி மில்லுக்கு நீங்கள் மேனேஜர். முதலாளி பட்டணத்தில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை காரில் வருவார், மூக்கில் கைக்குட்டையோடு சுற்றிப் பார்ப்பார், போய்விடுவார். மில்லை நடத்தியது நீங்கள். என் வீட்டுக்காரர் அங்கே பாய்லர் ஓட்டினார். உமியை எரித்து நீராவி எழுப்பி, அதைப் பைப் வழியாக நெல் ஊறும் தொட்டிகளுக்கு அனுப்புகிற வேலை. அந்தக் காலத்தில் அவர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. இப்போது எழுதுகிறேன். ஏழுமலை.

எல்லோருக்கும் பிடித்த மனிதர் இல்லை நீங்கள். சங்கு ஊதிய பிறகு வருகிறவர்களை மில் வாசலிலேயே நிற்கவைத்துக் கத்துவீர்கள். களத்தில் நெல் சரியாகக் காயவில்லை என்றால் பெண்கள் என்றும் பார்க்கமாட்டீர்கள். களத்துப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த கன்னியம்மா உங்களோடு சண்டை போடாத நாளே கிடையாது. என் வீட்டுக்காரரும் ஏச்சு வாங்கிக்கொண்டு வருவார். தலைமுடியில் உமிச் சாம்பலோடு வாசலில் உட்கார்ந்து சிரிப்பார். "பாய் கத்துவாரு. ஆனா கத்துனத அப்பவே மறந்துடுவாரு. மனசுல வெச்சிக்கினு பழிவாங்குற ஆளு இல்ல."

அது தை மாதம். நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். நான் பிள்ளை உண்டாகியிருந்தேன். சில நாளாகவே அவர் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தார். "பெரிய பைப்பு ஜாயின்ட்ல ஆவி கசியுது. பாய்கிட்ட சொல்லிட்டேன். அவரும் முதலாளிகிட்ட சொல்லிட்டாராம். சீசன் முடியட்டும்னு சொல்றாங்களாம்." பேஜாரான வேலை என்று அலுத்துக்கொண்டு கையைக் கழுவுவார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை செய்கிற இடம் என்றால் ஏதாவது ஒரு கோளாறு இருக்கும்தானே என்று நினைத்தேன்.

சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை இணைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால் நீங்கள் நின்றிருந்தீர்கள். வெள்ளை ஜிப்பா முழுக்கக் கரியும் ஈரமும். வெந்துபோன இரண்டு பேரை உங்கள் கையாலேயே தூக்கி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"உள்ள பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"யாருமில்ல. இன்னா பாய்? இன்னா ஆச்சு?"

நீங்கள் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டீர்கள்.

"மில்லுல பைப்பு வெடிச்சிடுச்சும்மா. ஏழுமலை எறந்துட்டான்."

இதற்குப் பிறகு எத்தனையோ சாவுச் செய்திகளைப் பார்த்துவிட்டேன். ஆள் அனுப்புவார்கள். வருகிறவன், "லேசா அடிபட்டிருக்கு, பயப்படாதீங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் வாங்க" என்பான். அந்த வழி முழுக்க ஒருத்தி சாமிகளுக்கெல்லாம் வேண்டிக்கொண்டே போவாள். போய்ப் பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீங்கள் எனக்கு அந்தப் பொய்யான வழியைத் தரவில்லை. கேட்டபோது அது கொடூரமாகத்தான் இருந்தது. இன்றைக்கு யோசித்தால் அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் எனக்குச் செய்ததில்லை.

அழக்கூட வரவில்லை. என் வாயில் வந்த முதல் கேள்வி இன்னும் எனக்கே புரியாது.

"அவரு இன்னா தப்பு பண்ணாரு?"

"அவன் ஒண்ணும் பண்ல. தப்பு எங்க மேல. பைப்பு சரியில்லன்னு அவன் சொன்னான். இந்த நெல்லு மட்டும் அவிச்சு முடிச்சிடு, அப்புறம் நிறுத்திப் பாக்கலாம்னு நான்தாம்மா ஓட்டச் சொன்னேன்."

உங்கள் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தேன். கழுத்திலிருந்து கிழிந்தது. ஈரக் கையால் உங்கள் மார்பிலும் தோளிலும் அடித்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து என்னைப் பிடித்தபோது, "உடுங்க, உடுங்க அவளை" என்று அவர்களைத்தான் தடுத்தீர்கள். ஒரு அடி பின்னால் நகரவில்லை.

பள்ளிப்பட்டிலிருந்து என் அண்ணன் வந்து சேரும்வரை நீங்கள் எங்கள் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டீர்கள். பகல் தொழுகை நேரத்தில் தெருமுனைக்குப் போய்த் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தவர்கள் என்ன கேட்டாலும் எனக்குச் சொன்ன அதே பதிலைத்தான் அவர்களுக்கும் சொன்னீர்கள். சுடுகாடு வரைக்கும் நடந்தீர்கள், கிழிந்த ஜிப்பாவோடு.

மில்லை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கன்னியம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். துக்கம் கேட்க வருவதாகச் சொல்லிக்கொண்டு தினம் சாயங்காலம் வந்துவிடுவாள். என் தலையை வாரிவிட்டுக்கொண்டே மில் சமாச்சாரம் சொல்வாள். மில்லை விற்கப்போகிறார்கள், இயந்திரங்களைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த மில்லை நம்பி அடுப்பெரித்தவர்கள் எத்தனையோ குடும்பம். ஆண்களும் பெண்களும் காலையில் வழக்கம்போல் மில் வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார்கள், வேறு எங்கே போவது என்று தெரியாமல்.

வேறொரு மேனேஜராக இருந்தால் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். நீங்கள் கேட்டைத் திறந்து எல்லாரையும் களத்தில் உட்காரவைத்து, அன்றன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னீர்களாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள், முதலாளியிடமிருந்து என்ன செய்தி, விபத்தை விசாரிக்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எப்போது வருகிறார். செய்தி எதுவும் இல்லாத நாளிலும் வந்து நின்று, இன்றைக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவீர்களாம்.

கன்னியம்மா ஒருநாள் உங்களை மறித்திருக்கிறாள்.

"பாய், சுத்தி வளைக்காத. மில்லு தொறக்குமா, தொறக்காதா?"

"தெரியாது கன்னியம்மா."

"மேனேஜருக்கே தெரியாதா?"

"தெரியாது. தொறக்கும்னு சொன்னா இன்னைக்கு நீ நிம்மதியா ஊட்டுக்குப் போவ. நாளைக்கு என் மூஞ்சிய எப்படிப் பாப்ப?"

இதை என்னிடம் சொன்னபோது கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்த ஆளு மேல கோவப்படக்கூட முடியலடி" என்றாள்.

தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்த நெல் புளித்து நாற ஆரம்பிக்கும் நிலைக்கு வந்தது. முதலாளியைக் கேட்டால் பதில் வர நாளாகும். நீங்கள் கேட்கவில்லை. "கெட்டுப்போய் சாக்கடைல கொட்றதுக்கு, நம்ம ஜனம் துன்னட்டும்" என்று தொட்டிகளைத் திறந்துவிட்டீர்கள். யாருக்கு எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யவில்லை. "எந்த ஊட்ல குழந்தைங்க ஜாஸ்தி, எந்த ஊட்ல அடுப்பு எரியலன்னு உனக்குத்தான் தெரியும்" என்று கன்னியம்மாவிடம் விட்டுவிட்டீர்கள். அந்த வாரம் எங்கள் பக்கத்துத் தெருக்களில் எல்லா வீட்டு முற்றத்திலும் நெல் அவிந்தது. தினமும் உங்களோடு சண்டை போட்டவள், அன்று உங்களுக்காக அளந்து கொடுத்தாள்.

முனுசாமி அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். பாய்லருக்கு உமி தள்ளுகிறவர். பைப் வெடித்த நேரத்தில் அவர் டீ குடிக்க வெளியே போயிருந்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த புங்கமரத்தடியில் வந்து உட்கார்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் வரமாட்டார், சோறு கொடுத்தால் வாங்கமாட்டார். நான் என் துக்கத்தில் இருந்தேன்.

ஒருநாள் நீங்கள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"அன்னைக்கு உன்னை டீ குடிக்கப் போகச் சொன்னது யாரு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏழுமலைதான். நாஷ்டா துன்னாம வந்துக்கிற, போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்னு சொன்னான்."

"அப்ப அவன் பேச்சக் கேட்டுத்தானே போன? அதுல இன்னா தப்பு? ஓட்டச் சொன்னது நான். அத நான் சுமக்கறேன். அதையும் சேத்து நீ தூக்காத முனுசாமி."

முனுசாமி அண்ணன் வாய்விட்டு அழுதார். அன்றைக்குத்தான் நானும் முதல்முறையாக முழுசாக அழுதேன். அவர் எழுந்துவந்து என் வாசலில் நின்று, "தண்ணி குடு தங்கச்சி" என்றார்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. கன்னியம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள். "முதலாளியோட ஆளுங்க உன் ஊட்டுக்காரன் மேல பழி போட்டுக்கினு இருக்காங்கடி. கள்ளச்சாராயம் குடிச்சிட்டு பாய்லர ஓட்டுனானாம்."

மதுவிலக்கு இருந்த காலம். குடித்தான் என்றால் குடிகாரன் என்பது மட்டும் இல்லை, குற்றவாளி. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறக்கப்போகிற பிள்ளை அப்பாவைப் பார்க்கப்போவதில்லை. ஊர் சொல்வதுதான் அதற்கு அப்பா. அந்த ஊர் என்ன சொல்லப்போகிறது?

என் கூடப்பிறந்த அண்ணன் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் கன்னியம்மாவோடு மில்லுக்குப் போனேன். களத்தில் எல்லாரும் நின்றிருந்தார்கள். முதலாளி, இன்ஸ்பெக்டர், அவருக்குப் பக்கத்தில் நீங்கள். முதலாளி நல்ல இங்கிதத்தோடு, வருத்தப்படுகிற குரலில்தான் பேசினார். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் அன்றைக்கு நிதானத்தில் இல்லை என்று கேள்விப்பட்டேன் என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "பாய் அங்கதான் இருந்தார், அவரே சொல்வார்" என்றார்.

அந்தப் பொய் முதலாளியை மட்டும் காப்பாற்றியிருக்காது, உங்களையும் காப்பாற்றியிருக்கும். கசிகிற பைப்பை ஓட்டச் சொன்னவர் நீங்கள். செத்தவன் குடித்திருந்தான் என்று ஆகிவிட்டால் உங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. தலையை ஆட்டியிருந்தால் போதும், வாயைக்கூடத் திறக்கவேண்டியதில்லை.

"இல்லீங்க சார்" என்றீர்கள். "ஏழுமலை குடிக்கிற ஆள் இல்ல. காலையில என்கிட்ட வந்து பைப்பு தாங்காதுன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனான். நெல்லு வீணாப்போவுமேன்னு நான் ஓட்டச் சொன்னேன். முன்னாடியே ரிப்பேருக்குக் கேட்டேன், சீசன் முடியட்டும்னு பதில் வந்தது. அதுக்கப்புறமும் நிறுத்தாம ஓட்டுனது என் தப்பு."

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "பாய், யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன், முதலாளி."

பிறகு கூட்டத்திலிருந்து முனுசாமி அண்ணன் முன்னால் வந்தார். "நானும் கேட்டேன் சார். பைப்பு கசியுதுன்னு அவன் சொன்னத நான் கேட்டேன்." அவர் முடிப்பதற்குள், என் கையைப் பிடித்திருந்த கன்னியம்மா அதை விட்டுவிட்டு முன்னே போனாள். "அவன் குடிச்சத யாரு பாத்தா? பாத்தவன் எதிர்ல வந்து சொல்லட்டும்!" அப்புறம் எல்லாரும் பேசினார்கள். அதுவரை முதலாளி முன்னால் நிமிர்ந்து பார்க்காதவர்களுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். தலைமையில் இருக்கிறவர் முதலில் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மற்றவர்கள் பயப்பட என்ன இருக்கிறது?

பைப்புகளை மாற்றினார்கள். மில் திரும்பத் திறந்தது. முதல் நாள் பாய்லர் பக்கம் போக ஒருவருக்கும் கால் வரவில்லையாம். நீங்கள் யாரையும் அதட்டவில்லை. நீங்களே உமியைத் தள்ளி நெருப்பு மூட்டி, ஆவி ஏறுகிறவரை புதுப் பைப்புக்குக் கீழேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தீர்களாம். முனுசாமி அண்ணன்தான் முதலில் உள்ளே வந்து உங்கள் கையிலிருந்த, நெருப்பைக் கிளறுகிற கம்பியை வாங்கியிருக்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று தெரிந்ததும் முதலாளி உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார். உங்களுக்காக வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தவர்களை நீங்கள்தான் திருப்பி அனுப்பினீர்கள். "எனக்குப் பழவேற்காட்டுல படகு இருக்குது, அண்ணன் தம்பிங்க இருக்காங்க. நான் பட்டினி கிடக்கமாட்டேன். நீங்க உள்ள போங்க." கன்னியம்மா அன்றைக்கும் உங்களோடு சண்டை போட்டாள், போகாதே என்று.

ஊரைவிட்டுப் போவதற்கு முன் என்னைப் பார்க்க வந்தீர்கள்.

"உனக்கு இன்னா செய்யணும்னு நீ சொல்லும்மா. நானா ஒண்ண முடிவு பண்ணிச் செஞ்சா, அது என் மனசு ஆறத்துக்குத்தான் ஆவும்."

அதுவரை எல்லாரும் எனக்கு என்ன நல்லது என்று அவர்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் பள்ளிப்பட்டுக்கு வா என்றார். சிலர் மில் களத்தில் வேலை கேள் என்றார்கள். நான் எட்டாவது படித்தவள். வாத்தியார் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று என் மனதில் இருந்ததை அன்றைக்குத்தான் வாயால் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியையைப் பார்த்துப் பேசினீர்கள். பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்த பிறகு, அண்ணியிடம் அவனை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய கைதான் இப்போது இதை எழுதுகிறது.

என் மகன் வளர்ந்தபோது தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைத்தது. "பைப்பு சரியில்லன்னு மொதல்ல சொன்னவன் உங்கப்பன்தான்டா." அவன் அப்பாவைப் பற்றி வெட்கத்தோடு ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னபோதும் பேச்சைத் திருப்பினீர்கள்.

அவன் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவனோடுதான் இருக்கிறேன். போன மாதம் ஒருநாள் வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் வெளுத்திருந்தது. அவனுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவருக்குக் காலில் இரும்புப் பாளம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், காலை எடுக்கவேண்டும் என்கிறார்கள். அவர் வீடு இங்கேயே, மூன்றாவது தெருவில். வீட்டில் அவர் மனைவி மட்டும்.

"ஆபீஸ்ல ஆள் அனுப்பறேன்னு சொல்றாங்கம்மா. நான் போக வேணாம்னு சொல்றாங்க. நான் போய் ஏதாவது சொல்லிட்டா பின்னாடி கேஸாயிடுமாம்."

"நீ இன்னா நினைக்கிற?"

"எனக்கு பயமா இருக்குதும்மா. அந்தம்மா கேட்டா இன்னா சொல்றது?"

"நடந்ததச் சொல்லு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு. அடிச்சாலும் ஏசினாலும் அங்கயே நில்லு."

அவன் என்னைப் பார்த்தான். உங்களைப் பற்றி அவனுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு உங்கள் பேச்சை நான் எடுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு அவனோடு கிளம்பினேன். அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் அவன் நடை வேகமானது. என்னால் கூடவே போகமுடியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள், எந்த வீடு என்று கேட்டறிந்து, அவனே கதவைத் தட்டிவிட்டிருந்தான்.